மறுக்க ஓர் ஆள்

கலியாணமாகி வந்த புதிதில் என் கணவர் என்னோடு பேசியதில் பெரும்பங்கு ‘ஓம்’ என்ற ஒரே சொல்தான். சோறு போடட்டுமா என்றால் ஓம். கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கட்டுமா என்றால் ஓம். குரங்குக் கூட்டம் வந்து கத்தரிச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டது என்று நான் ஒப்பாரி வைத்தாலும் அதற்கும் ஓம். நானோ சண்டைக்காரி. நான் பிறந்த வீட்டில் ஒரு தேங்காய் உடைப்பதென்றாலும் ஆளுக்கு ஒரு நியாயம் சொல்லி முடிந்த பிறகுதான் உடைப்போம். எதற்கும் மறுபேச்சில்லாத மனிதரோடு குடித்தனம் நடத்துவது தலையணையோடு மல்லுக்கட்டுவது போல இருந்தது.

அவர் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். கிளிநொச்சியை அடுத்த கண்டாவளைப் பக்கத்து வாய்க்கால்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் இருந்த குடாநாட்டிலிருந்து வந்து காணி பெற்றவர்கள் காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த காலம். தண்ணீர் திறக்கிற நாளில் விடியமுன்னமே எங்கள் வாசலில் சனம் நிற்கும். மேலே இருப்பவர் மறித்துவிட்டார் என்று கீழே இருப்பவர் சொல்வார். கீழே இருப்பவர் கள்ளமாக வரம்பை வெட்டினார் என்று மேலே இருப்பவர் சொல்வார். பகல் முழுக்க இந்த வழக்குகளைக் கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டிலாவது சத்தமில்லாமல் கிடந்தால் போதும் என்றிருந்தது. அது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

ஆனால் அந்த ‘ஓம்’ என்னை உறுத்தியதற்கு வேறொரு காரணம் இருந்தது. கலியாணப் பேச்சின்போது என் ஐயா மாப்பிள்ளையிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “பிள்ளைக்குப் பட்டப் பரீட்சையில ஒரு பாடம்தான் மிச்சம். அதைப் பாஸ் பண்ணினால் ஊரில பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில இடம் இருக்கு. அவள் இஞ்ச வந்து படிப்பிப்பாள். நீங்கள் சனி ஞாயிறில வந்து போகலாம். சம்மதமோ, தம்பி?” குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “ஓம் மாமா, நல்லது” என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பித் தட்டை அப்படியே திரும்பக் கொண்டுபோய் வைக்கலாமா என்றிருந்தது. கட்டிக்கொள்ள முன்னமே மனைவியை அனுப்பிவைக்கச் சம்மதிக்கிற மனிதரை என்னவென்று சொல்வது?

வந்து பார்த்தால் எனக்குக் கண்டாவளை பிடித்துப்போயிற்று. உவர்க் கிணற்றுத் தண்ணீரை அளந்து அளந்து குளித்து வளர்ந்தவளுக்கு வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுவதே பெரிய செல்வம். பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிள்ளைகள் வயல் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்து, கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைப்பார்கள். அவரையும் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்வதற்கு இப்போது என்ன வெட்கம்? ஆனால் நான் இங்கே இருப்பது அவருக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க அதுதான் என் மண்டையைக் குடைந்தது. வாய் திறந்து கேட்கவும் ரோசம் விடவில்லை.

மிச்சமிருந்த அந்தப் பாடத்தின் கதையையும் சொல்லவேண்டும். இஸ்லாமிய நாடுகளின் வரலாறு. எல்லாரும் ஐரோப்பாவை எடுக்கிறார்கள், நான் வேறொன்றை எடுத்துக் காட்டுகிறேன் என்ற தடிப்பில் எடுத்தது. அதில் ஈரானைப் பற்றிய பகுதிதான் என்னைக் கவிழ்த்தது. நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் அங்கே ஓர் அரச குலம் எழுந்து, ஷியா வழியை நாட்டின் வழியாக்கி, அதைப் படிப்பிக்கப் பள்ளிக்கூடங்கள் கட்டியது. அரசர்களின் பெயர்களையெல்லாம் கரைத்துக் குடித்துக்கொண்டு போனேன். கேள்வித்தாளோ, அந்தப் பள்ளிக்கூடங்கள் ஏன் கட்டப்பட்டன, யாருக்குப் பயன்பட்டன என்று கேட்டிருந்தது. அரசர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவைத்துவிட்டு வந்தேன். கவிழ்ந்தேன்.

இரண்டாம் முறை எழுதுவதற்கு யாரிடமாவது கேட்டுப் படிக்கலாம் என்றால் கண்டாவளையில் யார் இருக்கிறார்கள்? முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடவைக் கட்டோடு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவரை ஒருநாள் மறித்தேன். சேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஷியா அறிஞர்கள் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஸ்டாண்டே ஆடியது.

“தங்கச்சி, நாங்க அந்த வழி இல்ல. தொழுகை கேளுங்க, சொல்றன். நோன்பு கேளுங்க, சொல்றன். ஈரான்ல ஆர் ஆருக்கு ஓதிக்குடுத்தாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அது உங்களுக்கு எவ்வளவு தூரமோ எனக்கும் அவ்வளவு தூரம்தான்.”

கேட்ட பாவத்துக்கு மெல்லிய வாயில் துணிச் சேலை ஒன்று வாங்கவேண்டி வந்தது. நல்ல சேலைதான், குறை சொல்ல முடியாது.

கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு சிநேகிதி தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அனுப்பிவைத்தாள். அதில்தான் முதல்முறையாக அரசர்களை விட்டு மாணவர்களைக் கண்டேன். நடுவில் முற்றம், சுற்றிவரச் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறையில் ஒருவரோ இருவரோ. கடைகளும் குளிப்பு மண்டபங்களும் தோட்டங்களும் அந்தப் பள்ளிக்கென்று எழுதிவைக்கப்பட்டிருக்கும். அந்த வருமானத்தில் மாணவருக்குச் சாப்பாடு, விளக்குக்கு எண்ணெய். அப்படி எழுதிவைத்தவர்களில் அரச குலத்துப் பெண்களும் இருந்தார்கள். ஆசிரியர் ஒரு நூலை வரிவரியாக வாசித்து விளக்குவார். அந்த நூலுக்கு ஓர் உரை, உரைக்கு ஓர் ஓரக்குறிப்பு, ஓரக்குறிப்புக்கும் ஒரு குறிப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். படித்துத் தேறியவருக்குப் பரீட்சைச் சான்றிதழ் கிடையாது. ‘நான் இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார்’ என்ற தொடரில் தன் பெயரையும் சேர்த்து, இனி நீ படிப்பிக்கலாம் என்று ஆசிரியர் அனுமதி கொடுப்பார்.

என்னை எழுப்பி உட்கார வைத்தது அவர்களுடைய இன்னொரு வழக்கம். பாடம் முடிந்ததும் மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிவார்கள். ஒருவர் அன்றைய பாடத்தை ஆசிரியர் போலத் திருப்பிச் சொல்வார். மற்றவருடைய வேலை மறுப்பது. ஏன், எப்படி, அது பொருந்தாதே என்று ஒவ்வோர் அடியிலும் மறிக்கவேண்டும். அடுத்த நாள் முறை மாறும். மனம் ஒப்பாமல் விட்டுக்கொடுப்பது பாடத்துக்குச் செய்கிற துரோகம்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனேன். அவர் கதிரையில் சாய்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, எனக்கு ஓர் உதவி செய்யவேணும்.”

“ஓம்.”

“என்ன உதவி எண்டு கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோவன். நான் ஒரு பாடம் சொல்லுவன். நீங்கள் மறுக்கவேணும்.”

“நீர் சரியாச் சொன்னால்?”

“சரியாச் சொன்னாலும் மறுக்கவேணும். நான் உங்களை ஒப்பவைக்கிற வரைக்கும் விடக்கூடாது.”

கொஞ்சநேரம் யோசித்தார். “ஓம்” என்றார்.

“ஐயோ, அந்தச் சொல்லைத்தான் சொல்லக்கூடாது!”

முதல் சில நாள் பரிதாபமாக இருந்தது. ஒரு மறுப்புச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “பரவாயில்லை, விடும்” என்பார். நான் சீறுவேன். பிறகு ஒரு மாலை, ஈரான் அரசர்கள் லெபனான் மலைப்பக்கத்திலிருந்து ஷியா அறிஞர்களை அழைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நில்லும். ஏன் வெளியில இருந்து கூப்பிடவேணும்? உள்ளூரில படிச்ச ஆக்கள் இல்லையோ?”

“இருந்தவை. ஆனால் அரசன் கொண்டுவந்த வழி அங்க கனபேருக்குப் புதுசு. அதை முறையாப் படிச்சவை மலையிலதான் இருந்தவை.”

“அப்ப பள்ளிக்கூடம் கட்டினது சனத்தைப் படிப்பிக்கவோ, நாட்டைத் தன்ர பக்கம் திருப்பவோ?”

“இரண்டுக்கும்.”

“இரண்டுக்கும் எண்டு நழுவவேண்டாம். தண்ணி ஒரு நேரத்தில ஒரு பக்கம்தான் பாயும். முதல் எது?”

பரீட்சையில் என்னைக் கவிழ்த்த கேள்வி அதேதான். வாசலில் நிற்கும் வழக்காளிகளிடம் இத்தனை காலமும் இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிரவு நான் திட்டிக்கொண்டே சமைத்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் திட்டியதே இல்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. முறை மாறும் நாளில் அவர் பாடம் சொல்வார். அதற்காகப் பின்னேரத்தில் புத்தகத்தை மடியில் வைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார். நான் மறுப்பேன். அவர் மேசையில் தட்டுவார், நான் கதிரையை இழுத்துப் போடுவேன். ஒரு பக்கத்தில் பெரிய அறிஞர் ஒருவருடைய மகளின் கதை இருந்தது. தகப்பனின் மாணவரையே மணந்தவள். கணவர் விடை காணாமல் திண்டாடிய ஒரு சிக்கலுக்கு அவள் விடையை எழுதிவைத்துவிட்டுப் போனாளாம்.

“அவன் அதைப் பாத்திட்டு என்ன சொன்னவன்?” என்று கேட்டார்.

“புத்தகத்தில இல்லை.”

“ஒண்டும் சொல்லாமல் இருந்திருப்பானோ?”

“சில ஆம்பிளைகள் அப்பிடித்தான்” என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

எங்கள் சத்தம் வாய்க்காலைத் தாண்டிப் போனது எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காணி அக்கா நல்ல மனுசி. ஆனால் எங்கள் வீட்டில் மேசையில் தட்டுகிற சத்தத்தைத் தினமும் கேட்டு அவவுக்கு நித்திரை போய்விட்டது. ஓவசியர் ஐயா ரீச்சரை, அதாவது என்னை, அடித்து உருட்டுகிறார் என்று முடிவுகட்டி, ஊருக்குப் போகிற ஓர் உறவினரிடம் என் ஐயாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் கவலைப்படுவேனாம்.

ஐயா பஸ்சில் வந்து இறங்கினார், கையில் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு. சமாதானம் பேச வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாதல்லவா? அவர் படலையைத் திறந்தபோது நாங்கள் உச்சத்தில் இருந்தோம். அந்தக் காலத்து அறிஞர்கள் தங்களுக்குள் அடிபட்ட ஒரு விசயம்: முன்னோர் சொல்லிவிட்டுப் போனதே போதுமா, இறந்துபோன அறிஞருடைய தீர்ப்பைப் பின்பற்றலாமா, அல்லது உயிரோடிருக்கிற, ஆராய்ந்து சொல்லத் தகுதியுள்ள ஒருவரைத்தான் கேட்கவேண்டுமா? அன்றைக்கு முன்னோர் பக்கம் என்னுடையது.

“ஒருக்காச் சொன்னது சொன்னதுதான்!” என்று நான் கத்தினேன்.

“எப்பிடி? சொன்ன ஆள் இண்டைக்கு மழையைப் பாத்தவரோ, குளத்தைப் பாத்தவரோ? செத்த ஆளின்ர சொல்லை வைச்சுக்கொண்டு மடையைத் திறக்கேலாது. உயிரோட இருக்கிற ஆளைத்தான் கேக்கவேணும்!” என்று அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

வாசலில் ஐயா. பை கையிலேயே இருந்தது.

“தம்பி, பிள்ளை வாய்த்துடுக்குத்தான். நாங்கள் அப்பிடி வளத்துப்போட்டம். நீங்கள்தான் பொறுத்துப் போகவேணும்.”

என் கணவர் மேசையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். பிறகு தன் குணத்துக்கே வராத ஒரு காரியம் செய்தார், விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஐயாவுக்கு விசயத்தை விளக்கி முடிக்கும்வரை அவருடைய சிரிப்பு அடங்கவில்லை. ஐயாவுக்கு அரைவாசிதான் நம்பிக்கை வந்தது. “படிக்கிறதுக்கு இவ்வளவு சத்தம் தேவையோ?” என்று கேட்டபடியே கதிரையை எங்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். போகிறவழியில் பக்கத்துக் காணி அக்காவுக்கும் இரண்டு மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போனேன். மண்டபத்தில் கேள்வித்தாளைப் புரட்டியபோது பயமே வரவில்லை. எந்த வரியை எழுதினாலும் காதில் ஒரு குரல் ‘நில்லும்’ என்றது. அந்த மறுப்பை எழுதினேன், பிறகு பதிலை எழுதினேன். பள்ளிகள் முதலில் நாட்டைத் திருப்பவே கட்டப்பட்டன, ஆனால் அங்கே படித்தவர்கள் பிறகு அரசனையே மறிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதினேன். இன்னும் எழுத ஆசையாக இருந்தது, நேரம் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது ரெயிலில்தான் எனக்கு உறைத்தது. நன்றாக எழுதிவிட்டேன். அப்படியென்றால் கண்டாவளையை விட்டுப் போகப்போகிறேன். மறுக்க ஓர் ஆளைக் கண்டுபிடித்து, அவரை வைத்தே அவரை விட்டுப் போவதற்கு வழி பண்ணிக்கொண்டேன் என்று நினைக்க அழுகை வந்தது. கிளிநொச்சி வரும்வரை யன்னலோரம் அழுதுகொண்டு வந்தேன்.

பாஸ் என்ற செய்தியை ஐயாதான் கொண்டுவந்தார். இந்த முறையும் மாம்பழம். பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் தயார், அடுத்த தவணைக்குப் பள்ளி திறக்கும்போதே வரலாம் என்றார். அம்மா எனக்கென்று அறையை வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டாவாம். சொல்லிவிட்டு மருமகனைப் பார்த்தார்.

“ஓம் மாமா, நல்லது” என்றார் இவர். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அதே குரல், அதே சொல்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைத் தட்டில் வைத்தேன். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

“இண்டைக்கு என்ர முறை. நான் பாடம் சொல்லுறன். நீங்கள் மறுக்கவேணும்.”

“பரீட்சைதான் முடிஞ்சுதே.”

“முறை முடியேல்லை. கேளுங்கோ. ஓவசியரின்ர மனிசி ஊருக்குப் போறதுதான் சரி. ஏனெண்டால், அது பெரிய பள்ளிக்கூடம், பேர் பெற்ற இடம். இன்னொண்டு, இஞ்ச மேல்வகுப்பே இல்லை, அவள் படிச்சதுக்கு இஞ்ச வேலை இல்லை. கடைசியா, கலியாணப் பேச்சிலயே அவர் ஓம் எண்டு சொன்னவர். இதுதான் பாடம்.”

அவர் நிலத்தைப் பார்த்தார். ஐயா என்னைப் பார்த்தார். வெளியில் யாரோ மாட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். இந்த மனிதர் இப்போதும் ‘ஓம்’ என்று சொன்னால் பெட்டியை அடுக்கிவிடுவேன், ஆனால் சாகும்வரை மன்னிக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“நில்லும்” என்றார்.

குரல் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“முதல் சொன்னதுக்கு மறுப்பு. அந்த மலைநாட்டு அறிஞர்கள் ஏற்கெனவே படிப்பு நிறைஞ்ச இடத்துக்கோ போனவை? இல்லாத இடத்துக்குத்தானே வந்தவை. பேர் பெற்ற இடத்துக்கு ஆள் கிடைக்கும். ரெண்டாவது, இஞ்ச மேல்வகுப்பு இல்லையெண்டால் படிப்பிக்க ஆள் இல்லாதபடியால்தான் இல்லை. ஆளை அனுப்பிப்போட்டு வகுப்பு இல்லை எண்டு சொல்லுறது, மடையைப் பூட்டிப்போட்டு வயல் காயுது எண்டு அழுகிற கதை.”

“சரி. கடைசி?”

நெற்றியைத் துடைத்தார். மாமா இருக்கிறாரே என்ற கூச்சம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் முறை முறைதான். மறுக்கவேண்டியவர் மறுத்தே ஆகவேண்டும்.

“கடைசியாச் சொன்னது... அண்டைக்கு ஓம் எண்டு சொன்னவன் உம்மைத் தெரியாதவன். அவன் இப்ப இல்லை. அது செத்த ஆளின்ர சொல்லு. உயிரோட இருக்கிற ஆளைத்தான் கேக்கவேணும்.”

“அவர் என்ன சொல்லுறார்?”

“நீர் போகவேண்டாம் எண்டு சொல்லுறார்.”

அத்தனை மாதங்களில் எந்தப் பாடத்திலும் நான் இலேசில் தோற்றவள் இல்லை. அன்றைக்கு “ஒப்புக்கொள்ளுறன்” என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சொல்லிவிட்டு ஐயா முன்னாலேயே அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். அவர் என் பக்கம் தட்டை நகர்த்தி, மாம்பழத்தில் சதைப்பற்றான கன்னப்பக்கத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

ஐயா தட்டிலிருந்து தனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

“எனக்கும் ஒரு மறுப்பு இருக்கு. இதை ஊரில போய் அம்மாவுக்கு நான்தான் சொல்லவேணும் எண்டில்லை. நீங்கள் ரெண்டு பேரும் வந்து சொல்லுறதுதான் நியாயம்.”

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளையடித்த அறையும் அதன் வாசலில் அம்மாவின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பிறகு முதல்முறையாக ஒரே பக்கத்தில் நின்று, ஒரே குரலில் ஐயாவை மறுத்தோம்.